அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, எல்லாருக்கும் நன்றி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், மறுபடி எழுத எனக்கு தெம்பு இல்ல. அப்பா வலது கால் இல்லாம வீட்டுக்கு வந்திருக்காரு, ஆனா வந்துட்டாரு.

ரத்தம் குடுத்த காசிமேட்டு பசங்க, ராத்திரி முழிச்சி ஜெபம் பண்ண சபை அக்காங்க, காப்பீட்டு கார்டுக்கு என்கூட அலைஞ்ச சித்தப்பா, தெனம் கஞ்சி குடுத்துவுட்ட பக்கத்து வீட்டு பாயம்மா, பேர் போட ஆரம்பிச்சா யாரையாச்சும் விட்டுருவேன், மொத்தமா கையெடுத்து கும்புடறேன்.

ஒருத்தர பத்தி மட்டும் தனியா சொல்லணும், பேரு கூட தெரியாது. பழைய ஜெயில் ரோட்டுல செருப்பு தைக்கற தாத்தா. ஆபரேஷன் முடிஞ்சி அப்பா துணிமணிய பையில போட்டு குடுத்தாங்க, அதுல செருப்பு ரெண்டும் இருந்துச்சு, அத என்ன பண்றதுன்னு தெரியாம கையில வச்சிகினு ரோட்டுல நிக்கறேன். "இன்னா பாப்பா, அறுந்துகிச்சா?"ன்னாரு. விஷயத்த சொன்னேன். ஐயோ பாவம்னு கூட சொல்லல, "எந்த கால் மிச்சம்? சுகரா?"ன்னு கேட்டுட்டு இடது செருப்ப வாங்கி, "இந்த ரப்பர் ஆவாது, சுகர் காலுக்கு போடற எம்சிஆர் ரப்பர் மெத்துனு வச்சி தரேன், பின்னாடி வாரும் போட்டுடறேன், வாக்கர் புடிச்சி நடக்கசொல்ல கழண்டுச்சின்னா மனுசன் வுழுந்துடுவாரு"ன்னாரு.

அப்பா இனிமே நடப்பாருன்னு அது வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல.

தச்சி முடிச்சி விரல உள்ள வுட்டு ஒவ்வொரு தையலா தடவி பாத்தாரு, முடிச்சி இருந்தா குத்தும், சுகர் காலுக்கு வலி தெரியாது, அப்புறம் புண்ணாயிடும்னு. காசு வாங்கவே இல்ல. வலது செருப்ப அவரே எடுத்து ஓரமா வச்சி, வார் நல்லா இருக்குது, யாருக்காச்சும் ஆவும்னுட்டாரு. அத வீட்டுக்கு தூக்கினு போற வேலைய எனக்கு வைக்கல பாருங்க.

நாங்க கேட்ட ஜெபம் வேற. ஜூன் 14 மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சி போட் எறங்கும்போது அப்பா அதுல நிக்கணும்னு கேட்டோம். போட் போயிடுச்சு, அவரு வார்டுல இருந்தாரு. எனக்கு கோவம்தான் வந்துச்சு. எங்க வீட்டு சுவத்துல பைபிள்ல இருந்து எரேமியா 29:11 மாட்டியிருக்கு, உங்களுக்கு தீமைய இல்ல, சமாதானத்ததான் நெனச்சிருக்கேன்னு ஆண்டவர் சொல்றது, நம்ம ஆளுங்க பாதி பேர் வீட்டுல இருக்கற வசனம்தான். அந்த அதிகாரத்த அப்பதான் முழுசா படிச்சேன். பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு எழுதுன லெட்டர் அது, அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லுது, பத்தாம் வசனத்துல 70 வருஷம் முடிஞ்சப்புறம்தான் திரும்ப கூட்டினு வருவேன்னு போட்டிருக்கு! அத யாரும் ஃபிரேம் போட்டு மாட்டறதில்ல. எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஏன் ஆண்டவரேன்னு சண்ட போடறது கொறஞ்சிருக்கு.

அப்பா இப்ப திண்ணையில உக்காந்து வலை பின்னறாரு. செயற்கை காலுக்கு அளவெடுக்க போறப்ப தாத்தாவ அவரே நேர்ல பாத்து நன்றி சொல்லணுமாம். வார் கொஞ்சம் டைட்டா இருக்குதுன்னும் சொல்லணுமாம்.