ஏணிக்குக் கீழே இருப்பவர்கள்

அன்பு மகள் ஜெனிக்கு,

ஓக்லாந்து போகும் வழியில், கப்பலுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுபோகும் சான் பிரான்சிஸ்கோ பைலட்டுக்கு ஏணி போட்டு, அவர் ஏறி வரும்வரை பக்கத்தில் நின்றது நீதான் என்று போனில் சொன்னாய். தேர்ட் ஆபீசருக்கு அது அன்றாட வேலை. ஆனால் பைலட்டை ஏற்றிப் போகும் லாஞ்சில், அதை ஓட்டும் சாரங்காகவே காலம் கழித்த எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். அந்த ஏணியை நான் எப்போதும் கீழிருந்துதான் பார்த்திருக்கிறேன். நீ மேலிருந்து பார்க்கிறாய். அதனால்தான் உன் கப்பல் கடந்து வந்த தண்ணீரில் முன்பு காத்து நின்ற பாய்மரக் கப்பல்களைப் பற்றி உனக்கு எழுதத் தோன்றியது.

கோல்டன் கேட் வாசலுக்கு வெளியே பிறை போல வளைந்து கிடக்கும் மணல் திட்டை நீ கடல் வரைபடத்தில் பார்த்திருப்பாய். பெருங்கடலின் அலை அதன்மேல் ஏறி உடையும். மூடுபனி இறங்கிவிட்டால் கரை இருக்கும் திசையே தெரியாது. தங்கம் தேடி உலகம் முழுவதும் அங்கே கப்பலேறிய காலத்தில், 1850-லேயே கலிபோர்னியாவில் பைலட்டுகளுக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பைலட்டுகள் திட்டுக்கு வெளியே ஸ்கூனர் என்ற பாய்மரக் கப்பலில்தான் காத்திருந்தார்கள்.

அவற்றில் அட்வெஞ்சரஸ் என்ற கப்பலின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1913-ல் மெய்ன் மாநிலத்தின் ஈஸ்ட் பூத்பேயில் ஜான் போர்டன் என்ற பணக்காரருக்காகக் கட்டியது. ஆர்க்டிக் கடலுக்குப் போய், நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு ஒரு திமிங்கிலம் பிடித்து வர வேண்டும் என்பது அவர் ஆசை. திமிங்கிலம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே சான் பிரான்சிஸ்கோ பைலட்டுகளுக்கு விற்றுவிட்டார். வேட்டைக்குப் போன கப்பல் அப்புறம் 1952 வரை, ஏறக்குறைய ஒரே இடத்தில், அடுத்தவர் கப்பலுக்காகக் காத்து நின்றது. 1937-ல் கோல்டன் கேட் பாலம் திறந்தபோதும் அது அங்கே வேலையில்தான் இருந்தது. 1931-ல் அந்தப் பைலட்டுகள் இன்னொரு உல்லாசக் கப்பலான சோடியாக்கையும் வாங்கி, கலிபோர்னியா என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அது 1972-ல் ஓய்வு பெற்றது. அமெரிக்காவில் வேலை பார்த்த கடைசிப் பைலட் ஸ்கூனர் அதுதான்.

பைலட் வேலைக்கு ஸ்கூனர் ஏன் என்று உன் தாத்தாவைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார். கொழும்புக்குத் தோணி ஓட்டியவர் அவர். ஸ்கூனரின் பாய்களைக் கையாள ஆள் அதிகம் தேவையில்லை. காற்றுக்கு எதிராகவும் நன்றாக ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாய்களை ஒன்றுக்கொன்று எதிராக வைத்துச் சுக்கானையும் கட்டிவிட்டால், மோசமான கடலிலும் அதிகம் ஓடாமல் நிற்கும். நிற்கத் தெரிந்த கப்பல்தான் பைலட்டுகளுக்கு வேண்டும். இரவில் பாய்மர உச்சியில் ஒரு வெள்ளை விளக்கு எரியும். அது போதாதென்று, 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது தீவெளிச்சம் காட்ட வேண்டும் என்பது பழைய கடல் விதி. இன்று பைலட் படகில் நீ பார்ப்பது வெள்ளை விளக்குக்குக் கீழே சிவப்பு விளக்கு.

பைலட்டை ஸ்கூனரிலிருந்து கப்பலுக்கு மாற்றுவதுதான் கஷ்டமான கட்டம். வரும் கப்பலுக்குக் காற்று அடிக்கும் பக்கமாக ஸ்கூனர் வந்து சிறு படகை இறக்கும். இரண்டு பேர் தண்டு வலிப்பார்கள், பைலட் பின்னால் உட்கார்ந்திருப்பார். பெரிய கப்பல் திரும்பிக் கொடுக்கும் காற்று மறைவில் படகு ஒட்டும். அலை தூக்கி உச்சிக்குக் கொண்டுபோகும் அந்த நொடியில் பைலட் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் படகு கீழே போய்விடும். மறுபடி எழும்போது காலை நசுக்கும். ஏறியதும் படகு விலகிப் போக, ஸ்கூனர் காற்று மறைவான மறுபக்கம் சுற்றி வந்து அதைத் தூக்கிக்கொள்ளும். இது பட்டப்பகலிலும் நடக்கும், கும்மிருட்டிலும் நடக்கும்.

பைலட் ஏறிவிட்டார் என்றதும் எல்லோர் கண்ணும் அவர்மேல் போய்விடும். படகில் மிச்சம் இருப்பவர்களை நான் எப்போதும் நினைப்பேன். 1898 நவம்பரில் பாஸ்டன் பக்கம் அடித்த பெரும் புயலில் கொலம்பியா என்ற பைலட் ஸ்கூனர் சிச்சுவேட் கரையில் மோதி உடைந்தது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பாய் போய் எஞ்சின் வந்தது, ரேடியோ வந்தது, ரேடார் வந்தது. ஆனால் படகிலிருந்து ஏணிக்குக் கால் வைக்கிற அந்த ஒரு எட்டு அப்படியேதான் இருக்கிறது. கச்சான் காற்று தூக்கியடித்த ஒரு நாளில், ஏணியின் பக்கக் கயிறு இற்றுப்போய் அறுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பைலட் தண்ணீரில் விழுந்தார். லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் அவர் சிக்காமல் இழுத்தது எங்கள் பையன்களின் சாமர்த்தியம். மேலே இருந்த கப்பல்காரர்கள் அன்று காலையில் அந்தக் கயிற்றைக் கையால் தடவிப் பார்த்திருந்தால் போதும், நைந்திருப்பது தெரிந்திருக்கும். வெளியே பார்க்க அது புதுசு போலத்தான் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன் ஜெனி, ஏணியைக் கட்டியது டெக் ஆட்களின் தலைவரான போசனாக இருந்தாலும் நீயே குனிந்து பார். படி சாய்ந்திருக்கிறதா, கயிறு எந்தப் பலத்தில் நிற்கிறது, தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று படகில் இருப்பவன் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவசரமாகப் போகிறோம் என்று கேப்டன் சொன்னாலும் இதற்கு நேரம் எடுத்துக்கொள். உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் சொல்லட்டும்.

அட்வெஞ்சரஸ் இன்னும் ஓடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்செண்டில் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சியாட்டிலுக்குப் போகும் கப்பல்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். பகல் நேரமாக இருந்தால் இரண்டு பாய்மரம் தெரிகிறதா என்று பார்.

அம்மா நன்றாக இருக்கிறாள். கருவாட்டுப் பொடியைக் கொழும்பில் ஏறப்போகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறாள். உன் கப்பலில் சரக்குக் குறைவாக இருக்கும்போது ஏணி போடும் இடம் தண்ணீரிலிருந்து 9 மீட்டருக்கு மேல் போகுமே, அப்போது பக்கப் படிக்கட்டையும் சேர்த்துப் போடுகிறீர்களா? அதை எங்கே, எப்படிக் கட்டுகிறீர்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா