கலப்பு உப்பைப் பிரிக்க ஒரு கை கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவதை எட்டிப் பார்த்தவர்களுக்கு உப்பு மூட்டைகள் புதிதல்ல. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். அதில் ஒரு சிட்டிகைகூடத் துணிக்குச் சொந்தமாவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, போட்ட உப்பு போட்டபடியே கழிவுநீரில் இறங்கிவிடும்.

அப்புறம் அது எங்கே போனது என்று நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. கீழே உள்ள கிணறுகள் கரித்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வழியாகத் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. மிச்சத்தைச் சுண்டவைத்து, சாயம் ஏற்ற உதவும் கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) எடுக்கிறார்கள். பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கடைசியில் ஒரு பழுப்புக் கட்டி நிற்கிறது: சாதா உப்பு, கிளாபர் உப்பு, கொஞ்சம் நிறக்கசடு எல்லாம் சேர்ந்த கலப்பு உப்பு. சாயத்துக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. மழை படாமல் மூட்டை கட்டி வைத்துக் காவல் காக்க வேண்டியதுதான்.

எங்கள் குழுவில் பட்டறைக்காரர்கள், நொய்யல் கரை விவசாயிகள், வேதியியல் ஆசிரியர்கள் எல்லோரும் உண்டு. போன மார்கழியில் இரண்டு கிலோ கலப்பு உப்பை வெந்நீரில் கரைத்து, கரித்தூளில் வடித்து, ஓர் உறுப்பினர் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். (அவர் வீட்டம்மா இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.) குளிர்ந்தால் கிளாபர் உப்பு தண்ணீரில் நிற்காது, படிகமாகப் பிரிந்துவிடும்; சாதா உப்பு கரைந்தபடியே இருக்கும். விடிந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் கண்ணாடிக் குச்சிகள் மாதிரி படிகம். தட்டில் போட்டு வெயிலில் வைத்தோம். மதியத்துக்குள் தன் தண்ணீரை விட்டு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. எங்கள் டையிங் மாஸ்டர் அதைப் போட்டு ஒரு துண்டும், கடை உப்பில் ஒரு துண்டும் நேவி புளூவில் முக்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷேடு ஒட்டுதுங்க" என்றார்; இரண்டு நிறமும் ஒத்துப்போகிறது என்று அர்த்தம். அவர் சாமானியத்தில் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

இதை ஒரு நேரத்தில் 200 லிட்டர் பிரிக்கும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கரித்தொட்டி, கிளாபர் உப்பை மறித்துச் சாதா உப்பை விடும் நானோ வடிகட்டி, கரைசலைக் குளிரவைக்கும் சில்லர், இவ்வளவுதான். வாடகைக்கு எடுத்த ஒரு சில்லர் பாதியில் நின்று முன்பணமும் போனது. அதனால் இந்த முறை சொந்தமாகவே வாங்குகிறோம். செலவு 4,80,000 ரூபாய். எங்களுக்குள் திரட்டியது 1,35,000. பாக்கி 3,45,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

கொட்டகையை ஒரு விவசாயி வாடகையில்லாமல் தந்திருக்கிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கைக்கு வந்த பிறகே இயந்திரத்துக்குப் பணம் கட்டுவோம். வராவிட்டால் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தருவோம். ரொக்கம் வேண்டாம், குழுவின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் கொட்டகை வாசல் பலகையில் இருக்கும். சோதனை முடிவையும், தோற்றாலும்கூட, அதே பலகையில் எழுதுவோம்.

பணமாக முடியாதவர்கள் பழைய எஃகுத் தொட்டி, ஓடுகிற பம்ப் எது இருந்தாலும் சொல்லுங்கள். வண்டி வைத்து நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர், திருப்பூர்