வென்றவர்கள் ஏன் வெளியேறினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'தன்பாலின உறவை ஏற்றதால் சபை உடைந்தது' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. தேதிகளை அடுக்கிப் பார்த்தால் நடந்தது தலைகீழ். உடைந்தது முதலில், ஏற்றது பிறகு.

தன்பாலின உறவு 'கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது' என்ற வாசகம் அச்சபையின் ஒழுங்கு நூலில் 1972-இல் சேர்ந்தது. அவ்வுறவில் வெளிப்படையாக வாழ்வோருக்குக் குருப்பட்டம் இல்லை என்ற விதி 1984-இல் வந்தது. 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில் கூடிய சிறப்புப் பொது மாநாடு 438-க்கு 384 வாக்குகளில் அந்தத் தடைகளை மேலும் இறுக்கியது. மரபுத் தரப்பு வென்றது. ஆனால் அதற்குப் பின் வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தரப்பினரே. காரணம், விதி எழுதுவது பொது மாநாடு. அமல்படுத்துவது அந்தந்த வட்டாரப் பேராயரும் ஆண்டு மாநாடும் (ஒரு வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் அமைப்பின் பெயர் அது). அமெரிக்காவில் பல ஆண்டு மாநாடுகள் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டன.

வெளியேறுவதில் இருந்த பெரிய முடிச்சு வேதவசனம் அல்ல, சொத்து. கோயில், நிலம், போதகர் வீடு எதிலும் உள்ளூர்ச் சபைக்கு முழு உரிமை இல்லை. மொத்தத் திருச்சபைக்கான டிரஸ்டாகத்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்துப் பத்திர முறை இது. உள்ளூர் டிரஸ்டிகள் பிரசங்க வீட்டைத் தமதாக்கிக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக வந்தது. 2019 மாநாடு ஒழுங்கு நூலில் சேர்த்த 2553-ஆம் பிரிவு இந்தப் பூட்டை 2023 டிசம்பர் 31 வரை மட்டும் திறந்து வைத்தது. அப்போது சொத்தோடு விலக, சபைக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். விலகுவதற்கு முந்தைய 12 மாதப் பங்குத்தொகையில் (தனிச்சபை மேலமைப்புக்குக் கட்டுவது; நம் திருமண்டலங்களில் அசெஸ்மென்ட் என்போமே, அது) பாக்கி இருந்தால் அதோடு இன்னும் 12 மாதத் தொகையையும் கட்ட வேண்டும். போதகர் ஓய்வூதியக் குறையில் தன் பங்கையும் தீர்க்க வேண்டும். ஓய்வூதிய வாக்குறுதி தனிச்சபை தந்ததல்ல, ஆண்டு மாநாடு தந்தது. கட்டாமல் போனால் மிச்சமிருக்கும் சபைகளின் தலையில் விழும். கடைசியாக ஆண்டு மாநாடும் வாக்களித்து ஒப்ப வேண்டும். சில மாநாடுகள் இவற்றுக்கும் மேலாகச் சொத்து மதிப்பில் ஒரு பங்கைக் கேட்டன. வழக்குகள் அங்கேதான் கிளம்பின.

மூன்றில் இரண்டு என்ற அந்தக் கணக்குதான் பல சபைகளைப் பிளந்தது. கூட்டத்துக்கு 150 பேர் வந்தால் 100 வாக்கு தேவை. 97 கிடைத்தால் சபை இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த 97 பேர் எழுந்து போய்விடுவார்கள். 100 கிடைத்துவிட்டாலோ, மீதி 50 பேருக்குத் தாங்கள் கட்டிய கோயிலே இல்லை. எப்படிப் போனாலும் ஒரு பகுதியினர் தெருவில். இதைத் தவிர்க்க 2020 ஜனவரியில் எல்லாத் தரப்பும் சேர்ந்து, புதிய மரபுவழிச் சபைக்கு 2.5 கோடி டாலர் தந்து பிரிவது என்று ஓர் உடன்பாடு வரைந்தார்கள். கொரோனா வந்தது, பொது மாநாடு 2024-க்குத் தள்ளிப்போனது. காத்திருக்க முடியாதவர்கள் 2022 மே 1-இல் குளோபல் மெதடிஸ்ட் திருச்சபையைத் தொடங்கிவிட்டார்கள். 2553-ஆம் பிரிவின் கதவு மூடியபோது அமெரிக்கச் சபைகளில் கால்வாசி, அதாவது 7,600-க்கும் மேல், போயிருந்தன.

இதன் பிறகுதான் 2024 மே மாதம் சார்லட் நகரில் நடந்த பொது மாநாட்டில் குருப்பட்டத் தடை 692-க்கு 51 என்று நீங்கியது. 1972 வாசகம் 523-க்கு 161 என்று போனது. ஐந்தே ஆண்டில் எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று இதைப் படிப்பது தவறு. எதிர்த்து வாக்களித்திருக்கக்கூடியவர்களில் பலர் அரங்கிலேயே இல்லை. இச்சபைக்கு ஆப்பிரிக்காவிலும் கிளைகள் உண்டு; விசா கிடைக்காமல் வர முடியாத ஆப்பிரிக்கப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். அதே மாதம் ஐவரி கோஸ்ட் மாநாடு விலகியது.

செய்திகளில் அதிகம் வராத ஒன்று: தன்பாலினத் திருமணத்தை நடத்தும்படி எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மறுத்தால் தண்டிக்கவும் கூடாது என்று சார்லட் மாநாடே எழுதிவைத்தது. திருமணம், குருப்பட்டம் பற்றி உலகின் ஒவ்வொரு பிராந்தியமும் தானே முடிவெடுக்கும் திருத்தத்தையும் நிறைவேற்றியது. ஆண்டு மாநாடுகளின் வாக்கில் அது தேறியதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

நம் வாசகர்களுக்காக ஒன்று. இந்திய மெதடிஸ்ட் திருச்சபை 1981 முதல் தன்னாட்சி பெற்றது. தமிழ்நாட்டின் பழைய வெஸ்லியன் சபைகள் 1947-இலேயே தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்துவிட்டன. சார்லட்டில் எடுத்த வாக்கு இங்குள்ள எந்தச் சபையையும் கட்டுப்படுத்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை