உரிமம் புதுப்பிக்கும்போது மறுதேர்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகளைப் பற்றிப் பேசும்போது சாலையின் தரம், தலைக்கவசம், மதுபோதை ஆகியவற்றை விவாதிக்கிறோம். உரிமம் பெற்றவரின் ஓட்டும் திறனை அதன் பிறகு யாரேனும் சோதிக்கிறார்களா என்று கேட்பது அரிது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 30 வயதுக்கு முன் பெறும் சொந்த வாகன உரிமம் 40 வயது வரை செல்லும். 18 வயதில் 'எட்டு' போட்டுக் காட்டிய ஒருவர், அடுத்த 22 ஆண்டுகள் எந்தத் தேர்வும் இல்லாமல் வண்டி ஓட்டலாம். புதுப்பிக்கும் நாளிலும், உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தால் ஒழிய, அவர் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. இதற்கிடையே விதிகளே மாறிவிடுகின்றன. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் நீங்கி 2017இல் புதியவை வந்தன. அதற்கு முன் உரிமம் வாங்கியவர்கள் அவற்றைப் படித்தார்களா என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது கண்பார்வை. 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் கண்ணைப் பார்க்காமலே அதில் கையெழுத்துப் போட்டுத் தரும் இடங்கள் உண்டு என்பது ஊரறிந்தது. கண் நீர் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையைச் சிறிது சிறிதாகப் பறிப்பதால், நோயாளிக்கே நெடுநாள் அது தெரிவதில்லை. கண்புரை உள்ளவருக்கு இரவில் எதிரே வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதிக்கும். இவர்கள் யாரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். தங்கள் குறையை அறிய வாய்ப்பில்லாதவர்கள். ஆகவே இந்தச் சோதனையை முதியவர்களை ஒதுக்கும் முயற்சியாகக் கருதக் கூடாது. வேகமும் கவனக்குறைவும் இளைஞர்களிடமும் உள்ளவை என்பதால், மறுதேர்வு எல்லா வயதினருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் இப்போதே கூட்டம் தாங்கவில்லை, மறுதேர்வு வந்தால் இடைத்தரகர்களுக்குத்தான் வருமானம் என்று சிலர் சொல்வார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு, ஆய்வாளரின் விருப்பத்துக்கு இடம் தராத கணினிவழித் தேர்வுத் தளங்களை எல்லா மாவட்டங்களிலும் அமைப்பதே தவிர, தேர்வையே கைவிடுவது அன்று.

சொந்த வாகன உரிமத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 60 வயதுக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை, விதிகள் பற்றிய சிறு தேர்வு, சாலையில் ஓட்டிக் காட்டல் ஆகிய மூன்றும் கட்டாயமாக வேண்டும். லாரி, வேன், ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்களின் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது அவர்களுக்கும் இவை மூன்றும் நடத்தப்பட வேண்டும். அவர்களிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு நாள் கூலியை இழக்காதபடி ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேர்வு நடத்த வேண்டும். தேறாதவருடைய உரிமத்தை உடனே பறிக்காமல், பயிற்சி பெற்று மீண்டும் வர மூன்று மாத அவகாசம் அளிக்கலாம். மத்திய அரசு சட்டத்தைத் திருத்தும் வரை காத்திராமல், கண் பரிசோதனை முகாம்களையாவது மாநிலப் போக்குவரத்துத் துறை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்