ஒரு பாட்டிலில் ஆறு கிளாஸ்

கண்ணா,

நீ அனுப்பின ஒயின் பாட்டில் படம் வந்தது. லேபிள் தெளிவாகத் தெரிந்தது. மேசை சுத்தமாக இருந்தது. கிளாஸ் ஒன்று இருந்தது. படம் எடுப்பதற்காக மற்ற கிளாஸ்களை ஒதுக்கி வைத்திருப்பான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

கீழே லிலி பொலாஞ்ஜே சொன்னதைப் போட்டிருந்தாய். சந்தோஷத்திலும் குடிப்பேன், துக்கத்திலும் குடிப்பேன், சில நேரம் தனியாக இருக்கும்போதும் குடிப்பேன், ஆள் வந்துவிட்டால் கட்டாயம் குடிப்பேன் என்று. 1961இல் லண்டன் பத்திரிகைக்காரரிடம் சொன்னது. ரசித்தேன். ஆனால் அந்த அம்மா யார்? 1941இல் கணவர் இறந்தபின் கம்பெனியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிவந்தவர். ஷாம்பெயின் விற்கிறவர் இன்ன வேளையில் குடிக்காதே என்று எங்கேயாவது சொல்வாரா? அவர் பேச்சை வியாபாரமாக எடுத்துக்கொள், வேதமாக எடுத்துக்கொள்ளாதே.

எழுதவேண்டிய சமாசாரம் நிறைய இருக்கிறது. உன் தங்கை வேலை மாறிவிட்டாள், அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது ஒயின் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதைப் பற்றி எழுதினால்தானே நீ கடைசிவரை படிப்பாய்.

நான் பிரான்ஸில் ஷாம்பெயின் விளைகிற உன் ரான்ஸ் ஊருக்கு வந்திருந்தபோது உன் கூட்டத்தோடு உட்கார்ந்து குடித்த அந்த ராத்திரியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். லேபிளையெல்லாம் துணியால் சுற்றி மறைத்துவிட்டுக் கையில் கொடுத்தீர்கள். முதல் கிளாஸை உன் உயரமான சிநேகிதன் முகர்ந்து, சுட்ட ரொட்டி என்றான். சுருட்டை முடிக்காரி எலுமிச்சைத் தோல் என்றாள். நீ பச்சை ஆப்பிள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். எனக்கு வந்தது என்னவோ புதிதாகப் பிரித்த சாக்பீஸ் டப்பாவின் வாசனை. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினவளுக்கு வேறென்ன வரும் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். எல்லாரும் கத்தினீர்கள். துணியை அவிழ்த்தால் கோத் தே பிளாங் வட்டாரத்துப் பிளாங் த பிளாங், அதாவது வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்த ஷாம்பெயின், முழுக்க ஷார்டொனே திராட்சை, சுண்ணாம்பு மண்ணில் விளைந்தது. மண்ணின் வாசனை அப்படியே வேர்வழி ஏறிக் கிளாஸுக்கு வந்துவிடாது என்று நான் அன்றைக்கே வாதாடினேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது.

அடுத்தது மார்ன் பள்ளத்தாக்கின் மெனியே என்கிற கறுப்புத் திராட்சையில் செய்தது. சிவந்த பழ வாசனை, கொஞ்சம் உருண்டையான ருசி, முதல் கிளாஸ் மாதிரி நாக்கைக் கீறவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. உனக்குப் பிடிக்கவில்லை. உயரமானவன் என் கட்சி. நீங்கள் இருவரும் சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசியில் நீயே இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, முதலில் கவனிக்காத ஏதோ ஒரு பூ வாசனையைக் கண்டுபிடித்தாய். என் மூக்கில் ஏறாதது இன்னொருவர் மூக்கில் ஏறுகிறது, அவர் சொன்னபிறகு எனக்கும் ஏறுகிறது. ஒயினை ருசி பார்ப்பது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. தனி ஆள் குடித்தால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனைதான் திரும்பத் திரும்ப வரும்.

அதற்குப்பின் நீ அனுப்புகிற குறிப்புகளையெல்லாம் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் "அவன் இப்படிச் சொன்னான், அவள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று இருக்கும். இப்போது வருவதில் வாசனைகள் மட்டும்தான் இருக்கின்றன. நீ நன்றாகவே எழுதுகிறாய், அதில் குறையில்லை. போன மாதம் அந்த ரோஜா நிற ரோஸே ஒயினைப் பற்றி எழுதினதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொட்டுத் தொடாத மனுஷன், எனக்கே குடித்த மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் போன் எடுக்கமாட்டேன் என்கிறாயே, அது என்ன பழக்கம்? "பிஸி" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டால் ஆயிற்றா?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. பாட்டில் 750 மில்லி. 125 மில்லி ஊற்றினால் ஆறு கிளாஸ் வரும். அதைத் திறந்தவர் முடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கழுத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற ஷாம்பெயின் மூடி வாங்கிக் கொடுத்தேனே, அதைப் போட்டு ஃபிரிட்ஜில் வை, மறுநாளும் குமிழி இருக்கும். வெள்ளி ஸ்பூனைக் கழுத்தில் செருகுவது வெறும் நம்பிக்கை, அதனால் வாயு நிற்காது. மூடி போடு. இல்லாவிட்டால் 375 மில்லி அரை பாட்டில் வாங்கு. அரை பாட்டிலில் ஒயினுக்குச் சீக்கிரம் வயசாகிவிடும் என்று நீதான் சொன்னாய், சரி, ஆகட்டும். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு குடி. மிச்சம் வை.

உன்னை நினைத்துப் பெருமைப்படாத நாள் இல்லை. ரான்ஸில் அந்தச் சுண்ணாம்புக் குகைகளுக்குள் இறங்கினோமே, ரோமானியர் காலத்திலிருந்து கல் வெட்டியெடுத்த குழிகள், வருஷம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரி. நான் நடுங்கினேன், உயரமானவன் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். நீ விளக்கிக்கொண்டே வந்தாய். பாட்டிலுக்குள் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடினால் இரண்டாவது தடவை நொதிக்கும், வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரையும், உள்ளே ஆறு வளிமண்டல அழுத்தம் ஏறும். வேலை முடிந்து ஈஸ்ட் செத்து அடியில் படியும், அந்த வண்டல்மேலேயே கிடந்துதான் ஒயினுக்கு ரொட்டி வாசனை வரும். சாதாரண ஷாம்பெயின் பாட்டிலில் மொத்தம் குறைந்தது 15 மாதம் கிடக்கவேண்டும், வருஷம் போட்ட வின்டேஜ் குறைந்தது மூன்று வருஷம். நான் வகுப்பில் நொதித்தலைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நீ அதைக் கதையாகச் சொன்னாய். கூட வந்த முன்பின் தெரியாதவர்கள்கூட வழிகாட்டியை விட்டுவிட்டு உன் பக்கம் வந்து நின்றார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கோட்டை விட்டாய். டாம் பெரினியான் துறவி ஷாம்பெயினைக் கண்டுபிடித்து, நட்சத்திரங்களைக் குடிக்கிறேன் என்று கத்தினதாகச் சொன்னாய். அது பிற்காலத்துக் கட்டுக்கதை. அவர் 1668 முதல் 1715 வரை ஓவிலே மடத்தில் நிலவறைப் பொறுப்பில் இருந்தார், அது உண்மை. ஆனால் குமிழி வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். அந்தக் காலத்தில் பாட்டில்கள் நிலவறையில் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். பிறகு வந்த வேலைக்காரர்கள் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடி ஜோராக நிற்கும், உள்ளே ஏறுகிற அழுத்தம் யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு இந்த விஷயம் ஏன் இத்தனை நாளாக மனசில் கிடக்கிறது என்று தெரியவில்லை.

கிழக்குப் பிரான்ஸின் அந்த ஜூரா மஞ்சள் ஒயின் ஞாபகம் இருக்கிறதா? சுருட்டை முடிக்காரி கொண்டுவந்தது, வான் ஜோன். எல்லாரும் முகத்தைச் சுளித்தீர்கள், நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன். அக்ரூட் பருப்பு வாசனை, நாக்கில் உப்புப் போல ஏதோ ஒன்று, விழுங்கி வெகுநேரம் கழித்தும் போகவில்லை. ஆறு வருஷத்துக்குமேல் பீப்பாயில் கிடக்குமாம். ஆவியாகிப் போவதை யாரும் நிரப்பமாட்டார்கள், மேலே ஈஸ்ட் ஏடு படிந்து அதைக் காக்கும். ஒரு லிட்டர் போட்டால் 62 சென்டிலிட்டர் மிஞ்சும் என்பதுதான் கணக்கு, அதனால் பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான். அந்தப் பெண் அதைச் சொல்லும்போது உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் எல்லாம் கவனித்தேன். அவள் சௌக்கியமா? ரொம்ப நாளாக அவள் பேச்சே உன் எழுத்தில் வருவதில்லை. சும்மா கேட்டேன்.

பெரிய மாமாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உனக்கே தெரியும். மாமாவும் நல்ல ரசிகர்தான், அவருடைய கிளாஸும் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். நீ அவர் மாதிரி என்று நான் சொல்லவில்லை. உன் அப்பாவும் சொல்லவில்லை. சொல்லாமல்தான் இருக்கிறார்.

கிளாஸ் என்றதும் ஞாபகம் வந்தது. அந்த ஒல்லிக் கிளாஸை விட்டுவிடு, வாசனைக்கு அதில் இடமே இல்லை. டியூலிப் பூ மாதிரி வயிறு அகன்ற கிளாஸில் ஊற்று. ரொம்பச் சில்லென்று வேண்டாம், எட்டிலிருந்து பத்து டிகிரி போதும். துணியால் துடைத்து வை. துணியிலிருந்து ஒட்டிக்கொள்கிற நூலிழைகளில் இருந்துதான் குமிழி கிளம்பும், எதுவும் ஒட்டாத கிளாஸில் ஒயின் அசையாமல் கிடக்கும். மூடி போடு. மிச்சம் வை. இதை எழுதிவிட்டேன் என்று தெரியும்.

செப்டம்பரில் அங்கே அறுவடை. எபெர்னே பக்கம் அறுவடைக்கு ஆட்கள் வருவார்கள் என்றும், நண்பர்களோடு ஒரு வாரம் போவேன் என்றும் போன வருஷம் சொன்னாய். இந்த வருஷம் அந்தப் பேச்சைக் காணோம். போ. முதுகு வலித்தாலும் பரவாயில்லை, போ.

கடைசியாக அந்த மேக்னம். ஒன்றரை லிட்டர், பன்னிரண்டு கிளாஸ். எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு வாங்கினோம், நானும் போட்டேன். எல்லாரும் இருக்கிற ஒரு நாளில் திறப்பது என்று பேச்சு. பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாகத்தான் முதிரும், அவசரமில்லை, அது காத்திருக்கும். அவர்களைக் கூப்பிட்டுத் திற. கூப்பிட முடியாமல் போயிருந்தால், என்ன ஏது என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் அதைத் தனியாகத் திறக்காதே. ஒரு ராத்திரி திறக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், பாட்டில் மூடிக் கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு. இங்கே மணி எத்தனை என்று பார்க்காதே. எடுப்பேன்.

அம்மா