எலும்பு எளிதில் உடையும் குழந்தைகளுக்கு அந்தந்த மாவட்டத்திலேயே முழு எக்ஸ்ரே வசதி கோரி மனு

அனுப்புநர்:
ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா நோயுள்ள ஐந்து வயதுச் சிறுமியின் தாய்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மரபணு எலும்பு நோயுள்ள குழந்தைகளுக்கு முழு எலும்புக்கூட்டு எக்ஸ்ரே எடுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எலும்புக்கு வலு தரும் கொலாஜன் புரதத்துக்கான மரபணுவில் என் மகளுக்குப் பிறவியிலேயே பிழை. ஏழாவது மாதத்தில் கை முறிந்தது, அப்புறம் தொடை. மூன்றாவது முறிவோடு போனபோது, "பிள்ளையை அடித்தீர்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் முறிந்த இடத்தை மட்டும் படம் எடுத்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மற்ற எலும்புகளை யாரும் பார்க்கவில்லை.

இரண்டரை வயதில் வெளியூர் மருத்துவர் ஒருவர் தலை, முதுகு, மார்பு, இடுப்பு, கை, கால் எல்லாவற்றையும் ஒரே நாளில் படம் எடுக்கச் சொன்னார். மண்டையோட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். எலும்புகள் சேரும் கோட்டில் சின்னச் சின்னத் துண்டுகள், ஓடு பதித்ததுபோல. முதுகெலும்புகள் நடுவில் குழிந்திருந்தன. "இது அடி இல்லம்மா, நோய்" என்றார். அந்தப் படங்களை மூன்றாவது முறிவின்போதே எடுத்திருக்கலாம்.

இப்போது எலும்பை வலுவாக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தவணையும் முழங்கால் எலும்பில் ஒரு வெள்ளைக் கோடு விடுகிறது. படம் வந்ததும் முதலில் அந்தக் கோடுகளைத்தான் எண்ணுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் பக்கவாட்டுப் படத்துக்காகக் காலைத் திருப்பியபோது, மேசையிலேயே தொடை முறிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. படம் எடுத்த தம்பியை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளையை அசைக்காமல் எக்ஸ்ரே குழாயைத் திருப்பி, படம் பதியும் தட்டைப் பக்கத்தில் நிறுத்தினாலே அந்தப் படம் கிடைத்துவிடும். இதை எல்லா எக்ஸ்ரே அறைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டுகிறேன்.

காரணம் புரியாமல் மீண்டும் மீண்டும் எலும்பு முறியும் குழந்தைகளுக்கு முழு எலும்புக்கூட்டுப் படம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே எடுக்கப்பட வேண்டும். அங்கே குழந்தைகள் கதிரியக்க நிபுணர் இல்லையென்றால் சரி, படங்களைக் கணினி வழியே சென்னைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாமே. எங்களுக்கும் அவற்றைச் சிடியில் தரவேண்டும். செல்போனில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மண்டையோட்டின் அந்தச் சிறு துண்டுகள் அதில் தெரிவதே இல்லை. அடுத்த ஊரில் மறுபடி எடுத்தால் பிஞ்சு உடம்புக்கு மறுபடி கதிர்வீச்சு.

2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் பிஸ்பாஸ்போனேட் மருந்தும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. நோய் இன்னதென்று தெரிந்தால்தானே ஐயா அந்தக் கொள்கையின்படி உதவி கேட்டு வர முடியும்? தாங்கள் விரைந்து ஆணையிட வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மகளின் மண்டையோடு, முதுகெலும்பு எக்ஸ்ரே நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறுமியின் தாய்