அப்பாவின் பையில் கிடந்த பித்தளை வில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஆஷிங்டனிலிருந்து அம்மா எழுதுவது. முட்டிவலி பரவாயில்லை. இங்கிலாந்துக் குளிர்தான் இந்த வருஷம் போக மாட்டேன் என்கிறது.

போன வாரம் அப்பாவின் பழைய தோல் பையைப் பிரித்தேன். ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் உருகி அடியில் ஒட்டிக் கிடந்தது. பக்க அறைக்குள் ஒரு காகிதத்தில் சுற்றி, பித்தளை வில்லை ஒன்று. நம் ஊர் பழைய எட்டணாவைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே ஆணியில் மாட்ட ஓர் ஓட்டை, நடுவில் 1147 என்று எண். புளி போட்டுத் தேய்த்துவிட்டு படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். "என்னம்மா இது, ரேஷன் டோக்கனா?" என்று கேட்டாய். அதே போனில்தான், "அங்க இனிமே என்னம்மா இருக்கு, வீட்டை வித்துட்டு சிங்கப்பூர் வந்துடு" என்றும் சொன்னாய். எனக்குப் போனில் பேச்சு ஓடாது. அதனால் எழுதுகிறேன்.

அது இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்து டோக்கன். ஷிப்டுக்குப் போகிறவர் விளக்கு அறையில் இதைக் கொடுத்துவிட்டுத் தன் விளக்கை வாங்கிக்கொள்வார். டோக்கன் பலகையில் தொங்கும். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் திரும்பக் கிடைக்கும். ஷிப்டு முடிந்தும் ஆணியில் ஒன்று தொங்கினால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

1988-இல் ஆஷிங்டன் சுரங்கத்தை மூடியபோது அந்த டோக்கனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் ஒரு பெரியவர். அப்பாவின் நோயாளி. உனக்கு அவரை ஞாபகம் இருக்கலாம், நம் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மணி அடிப்பார். அவர் சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் நீலக் கோடுகள் என்று அப்பா சொல்வார். காயத்துக்குள் கரித்தூள் போய் அப்படியே தோல் மூடிக்கொண்ட தழும்புகள். பச்சை குத்தியது மாதிரி இருக்குமாம். முதல் தடவை பார்த்தபோது ஆசையாகக் குத்திக்கொண்டதா என்று அப்பா கேட்டுவிட்டார். பெரியவர் இருமி இருமிச் சிரித்தாராம். கடைசியில் அந்த இருமல்தான் அவரைக் கொண்டு போனது. போவதற்கு முந்தின மாதம் டோக்கனை அப்பா கையில் வைத்து, "நான் மேலே வந்துட்டேன், டாக்டர். யாராவது வைத்திருக்கட்டும்" என்றாராம்.

நீ படித்த காலத்தில் இந்த ஊர்க் கதையைச் சரியாக யாரும் உனக்குச் சொல்லவில்லை. நானும்தான். 1860-களில் குழி தோண்டுகிற வரைக்கும் இங்கே வயலும் சில வீடுகளும்தான். அப்புறம் கரி வந்தது, கம்பெனி வரிசை வரிசையாக வீடு கட்டியது. தெருவுக்குப் பேர் வைக்கக்கூட நேரமில்லை போல: ஃபர்ஸ்ட் ரோ, செகண்ட் ரோ, தேர்ட் ரோ என்று எண்ணிக்கொண்டே போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் உலகத்திலேயே பெரிய சுரங்கக் கிராமம் இதுதான் என்று பெருமை பேசுவார்கள். சுரங்கத்தில் வேலை பார்க்கிற குடும்பத்துக்குச் சம்பளத்தோடு கரியும் உண்டு. பின் சந்தில் வண்டி வந்து கொட்டிவிட்டுப் போகும், இருட்டுவதற்குள் பெண்கள் அள்ளி உள்ளே போட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு, 'கேவில்' என்பார்கள். சுரங்கத்தில் எல்லா இடமும் ஒன்றில்லை. ஓரிடத்தில் கரி லேசாக உதிரும், இன்னோரிடத்தில் முட்டி வரை தண்ணீர். வெட்டுகிற அளவுக்குத்தான் கூலி என்றால் நல்ல இடம் யாருக்கு? மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மேஸ்திரிக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே கிடையாது. கெட்ட இடம் விழுந்தாலும் அடுத்த சீட்டு வரைக்கும்தானே.

நாங்கள் வந்தது 1983. அடுத்த மார்ச்சில், சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக். ஒரு வருஷம் நடந்தது, நீ அப்போது வயிற்றில். டாக்டர் பெண்டாட்டி என்று எனக்கு ஒரு தயக்கம். ஆனாலும் ஒருநாள் வெங்காய மூட்டையோடு கிளப் சமையற்கட்டுக்குப் போய் நின்றேன். அங்கே பெண்கள் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் கத்தியைக் கொடுத்து உருளைக்கிழங்கைக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஒருநாள் பருப்புக் கடைந்து வைத்தேன். ஒருத்தி ருசி பார்த்துவிட்டு, "இது நம்ம பீஸ் புட்டிங் தானே, மிளகாயை யார் போட்டது?" என்றாள். உண்மைதான், இந்த ஊர் பீஸ் புட்டிங்கும் மஞ்சள் பட்டாணியை வேகவைத்து மசித்ததுதான். ஆண்கள் கடற்கரையில் அலை ஒதுக்கிய கரியைப் பொறுக்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். நீ பிறந்தபோது உன்னைச் சுற்றிக் கொண்டுவந்த வெள்ளைச் சால்வை, எட்டு மாதமாகச் சம்பளம் பார்க்காத வீட்டில் பின்னியது.

தோற்றுத்தான் திரும்பினார்கள். பக்கத்துச் சுரங்கம் வுட்ஹார்ன் ஏற்கெனவே 1981-இல் போயிருந்தது. ஆஷிங்டன் 1988. கடலுக்கடியில் வெட்டிய எலிங்டன் மட்டும் 2005 வரை இழுத்துப் பிடித்தது. சுரங்கம் மூடியதற்காக நான் அழமாட்டேன். 1916-இல் வுட்ஹார்னில் வெடித்து 13 பேர் செத்த இடத்தைப் பார்த்திருக்கிறேன், அப்பாவின் நோயாளிகள் மூச்சு விட்ட சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். என் கோபமெல்லாம், எடுத்த இடத்தில் எதையும் வைக்கவில்லையே என்பதுதான். மெயின் ரோட்டில் பாதிக் கடை மூடிக்கிடக்கிறது. நீ சொன்னது தப்பில்லை.

ஆனால் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லாதே. 1934-இல் வேலை முடிந்த ராத்திரியில் ஓவியத்தைப் பற்றிப் பாடம் கேட்கப் போனவர்கள் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள். வாத்தியார் ராபர்ட் லயன் இத்தாலிப் படமாகக் காட்டிப் பார்த்தார், ஒட்டவில்லை. சரி, நீங்களே வரையுங்கள் என்றுவிட்டார். அவர்கள் எட்ட இருந்ததை வரையவில்லை. குனிந்து வெட்டுகிற முதுகு, புறாக்கூண்டு, அடுப்படி. வுட்ஹார்ன் மியூசியத்தில் இருக்கின்றன. பள்ளியில் கூட்டிப் போனபோது நீ சாண்ட்விச்சைத்தான் பார்த்திருப்பாய்! இந்த ஊரில் பிறந்த கால்பந்து வீரர்கள் சார்ல்டன் சகோதரர்கள் கதை உனக்கே தெரியும். 1966 உலகக் கோப்பை அரையிறுதியில் மகன் பாபி இரண்டு கோல் போட்டபோது, அவருடைய அப்பா சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தார்.

அப்புறம், ரயில் வந்துவிட்டது! சின்ன வயசில் கேட்டில் நின்று கரி வண்டிப் பெட்டிகளை எண்ணுவாயே, "நாம எப்பம்மா இதுல போவோம்?" என்று. 1964-இல் ஆட்களை ஏற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். 2024 டிசம்பர் 15-ஆம் தேதி மறுபடி ஓடியது. ஒரே கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்த கிழவி, கடைசியாக இதில் போனது கல்யாணத்துக்குச் செருப்பு வாங்க என்றாள். நியூகாஸில் போய் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். அப்பா இருந்திருந்தால் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தியிருப்பார்.

ஜூனில் வா. வுட்ஹார்னில் சுரங்கத் தொழிலாளர் பிக்னிக் நடக்கும், பேண்டு வாசிப்பார்கள், பழைய சங்கக் கொடிகளைத் தூக்கி வருவார்கள். அந்தக் காலத்தில் அந்த வருஷம் ஆள் செத்திருந்தால் கொடியில் கறுப்புத் துணி கட்டுவார்களாம். பெரியவரின் பேரன் பேண்டில் கொம்பு ஊதுகிறான். டோக்கனை அவனிடம் கொடுப்பதா, மியூசியத்துக்கா என்று எனக்கு முடிவு வரவில்லை. நீ வந்து சொல். அதுவரை சமையலறையில் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வா, ஜூன் என்று ஏமாறாதே. வரும்போது பெருங்காயம் இரண்டு டப்பா. பக்கத்து வீட்டுக்காரர் போட்டிக்கு வளர்த்த லீக் (வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்) ஒன்று கொடுத்தார், என் கை மொத்தம். சாம்பார் வைத்தேன், பெருங்காயம் இல்லாமல் சப்பென்று இருந்தது.

அன்புடன்,
அம்மா